கோப்பையில் யார் பெயர்?

(பொன்விழா ஆண்டு மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



நம் சங்கத்துக்கு ஐம்பது வயது நிறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். இந்த ஆண்டு இந்த மேடையில் ஏறியவர்கள் எல்லாரும் கடந்துவந்த பாதையைப் பற்றிப் பேசினார்கள். அது முறைதான். கல்விக் குழுவினராகிய நாங்கள் இன்று அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சனிக்கிழமைதோறும் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் நம் மாடியில் நடக்கும் ரோபோ வகுப்பு உங்களுக்குத் தெரியும். அங்கே பிள்ளைகள் போடும் சத்தம் கீழே துணைப்பாட வகுப்புவரை கேட்கிறது என்ற புகாரும் எங்களுக்குத் தெரியும். அந்த வகுப்பிலிருந்து அடுத்த ஆண்டு ஓர் அணியைப் போட்டிக்கு அனுப்பலாம் என்று நிர்வாகக் குழு இசைந்திருக்கிறது. அந்த அணியில் யார் யார் இருப்பது, எந்தப் பரிசை நோக்கி உழைப்பது என்பதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியபோது ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார்: "என் மகன் பள்ளி அணியில் இருந்தான். நிரல் முழுக்க அவன் எழுதியது. மற்றவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பதக்கம். கோப்பையில் பள்ளியின் பெயர். இதில் என் மகனுக்கு என்ன இருக்கிறது?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பரீட்சை வரும் ஆண்டில், துணைப்பாட வகுப்புக்குப் போகவேண்டிய நேரத்தில், பிள்ளையை வாரம் மூன்று மணி நேரம் இதற்கு அனுப்புகிற பெற்றோர் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள். "ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு" என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டால் அது பதிலாகாது. நேரான பதிலைச் சொல்லிப் பார்க்கிறோம்.

போட்டியில் என்ன நடக்கிறது?

முதலில், போட்டியை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மாணவர் ரோபோ போட்டிகள் பல வகை. உலக ரோபோ ஒலிம்பியாட் என்பது ஒன்று. அதன் முதல் அனைத்துலக இறுதிச் சுற்று 2004இல் நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. 2012இல் கோலாலம்பூருக்குப் போனது. 2025இல் மறுபடி இங்கே வந்தது. அதில் ஓர் அணிக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்கள். போட்டி நாள் காலையில் யாரும் எதிர்பாராத ஒரு புதிய விதியை அறிவிப்பார்கள். மாதக்கணக்கில் பயிற்சி செய்த ரோபோவை அங்கேயே அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

இன்னொன்று ஃபர்ஸ்ட் லெகோ லீக். நாங்கள் அணி அனுப்ப நினைப்பது இந்த வகைப் போட்டிக்குத்தான். 9 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகள், ஓர் அணிக்குப் பத்துப் பேர்வரை சேரலாம். ஆண்டுக்கு ஒரு கருப்பொருள். 2021-22 பருவத்தில் சரக்குப் போக்குவரத்து, 2022-23இல் எரிசக்தி, 2023-24இல் கலைகள், 2024-25இல் கடல் ஆய்வு என்று மாறி மாறி வந்தன.

மேசைமேல் ஒரு விரிப்பு. அதன்மேல் லெகோவால் கட்டிய சிறுசிறு பணிகள். நெம்புகோலைத் தள்ளு, பொருளை எடு, குறித்த இடத்தில் வை. ரோபோ இவற்றைத் தானாகவே செய்ய வேண்டும். தூரத்திலிருந்து இயக்கும் கருவி எதுவும் கையில் இருக்கக்கூடாது. கொடுக்கப்படும் நேரம் இரண்டரை நிமிடம். மூன்று சுற்று ஓட்டி, அவற்றில் உயர்ந்த புள்ளியை எடுத்துக்கொள்வார்கள். அரங்கமே எழுந்து நின்று கத்துவது இந்த இரண்டரை நிமிடத்தில்தான். நாம் கைப்பேசியில் படம் பிடிப்பதும் இதைத்தான்.

ஆனால் இதே நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு சோதனை நடக்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம் அணி முழுவதும் நடுவர்கள் முன்னால் நிற்க வேண்டும். ரோபோவை ஏன் இப்படி வடிவமைத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த ஆண்டின் கருப்பொருளை ஒட்டி ஓர் உண்மையான சிக்கலை எடுத்து, ஆராய்ந்து, தீர்வு கண்டு, ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். அதன்பிறகு, நீங்கள் ஓர் அணியாக எப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்பார்கள். மேசையில் எடுத்த புள்ளி, ரோபோ வடிவமைப்பு, ஆய்வுத் திட்டம், அணிப் பண்புகள் ஆகிய நான்குக்கும் சம எடை. நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தப் போட்டியின் தலையாய விருதான சாம்பியன் விருதைக் கொடுக்கிறார்கள். மேசையில் முதலிடம் பிடித்த அணிக்கு அதற்கென்று தனி விருது உண்டு. ஆனாலும் சாம்பியன் விருது வேறு அணிக்குப் போகலாம். பல ஊர்களில் போயிருக்கிறது.

இது தற்செயலாக வந்த ஏற்பாடு இல்லை. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். 1992இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. அவரோடு சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்தவர் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். முழு மூச்சாகப் போட்டியிடு, ஆனால் எதிரணிக்கு உதவி தேவைப்பட்டால் கை கொடு என்ற நெறியை அவர் வகுத்தார். கண்ணியம் குன்றாத தொழில்திறம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். எதிரணியின் பேட்டரி பழுதானால் தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதே அணியோடு மோதுகிற வழக்கம் அந்தப் போட்டிகளில் சாதாரணம். மேல்நிலை மாணவர்களுக்கான அவர்களுடைய பெரிய போட்டியில்கூட மிக உயர்ந்த மரியாதை வெற்றி பெற்ற ரோபோவுக்கு இல்லை. தன் பள்ளிக்கும் சுற்றத்துக்கும் மாற்றத்தைக் கொண்டுவந்த அணிக்கே அது போகிறது. இப்போது அதற்குத் தாக்க விருது என்று பெயர்.

வெக்ஸ் ஐக்யூ என்ற போட்டியில் இன்னொரு புதுமை உண்டு. குலுக்கலில் சேரும் இரண்டு அணிகள் அறுபது விநாடி ஒன்றாக ஆட வேண்டும். எடுக்கும் புள்ளி இருவருக்கும் ஒன்றே. காலையில் முன்பின் தெரியாத பிள்ளைகள் மதியத்துக்குள் ஒருவர் ரோபோவை இன்னொருவர் புரிந்துகொண்டால்தான் பிழைக்க முடியும்.

குறி எதுவோ, சனிக்கிழமையும் அதுவே

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறோம். போட்டி ஒரு நாள். அதற்குமுன் ஆறேழு மாதச் சனிக்கிழமைகள். எந்தப் பரிசைக் குறிவைக்கிறோமோ அதுதான் அந்தச் சனிக்கிழமைகளின் போக்கைத் தீர்மானிக்கிறது.

மேசைப் புள்ளி மட்டும் குறி என்றால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்திருக்கிறோம். முதல் மாதத்தில் பத்துப் பேரும் ஆசையாக வருவார்கள். இரண்டாவது மாதத்தில் யார் வேகம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கணினி அந்தப் பிள்ளையின் கைக்குப் போய்விடும். அவசரத்தில் அதுதான் சிக்கனம். நான்காவது மாதத்தில் இரண்டு பேர் வேலை செய்வார்கள், எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களை நாம் சோம்பேறிகள் என்போம். உண்மையில் அவர்களுக்கு வேலை இல்லாமல் செய்தது நாம்தான். அந்த இரண்டு பேருடைய நிலையும் சுகமில்லை. எல்லாச் சுமையும் அவர்கள் தலையில். ஏதாவது தப்பினால் எல்லார் கண்ணும் அவர்கள்மேல். உயர்நிலை நான்கில் தேர்வுக்காக அவர்கள் விலகும்போது அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் அவர்களோடு போய்விடும். அடுத்த ஆண்டு அணி அரிச்சுவடியிலிருந்து தொடங்கும்.

அணி விருது குறி என்றால் கதை மாறுகிறது. நடுவர் யாரைக் கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆகச் சிறிய பிள்ளையைப் பார்த்து, "இந்தக் கை ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்பார். "இந்த அணியில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று இன்னொரு பிள்ளையைக் கேட்பார். அண்ணன் முந்திக்கொண்டு பதில் சொன்னால் நடுவருக்கு உடனே புரிந்துவிடும். ஆகவே தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். சொல்லிக்கொடுக்கப் போனால்தான் தனக்கு எங்கே அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியும். குர்ஆன் மத்ரஸாவில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லிக்கொடுத்துத் தாங்கள் திருந்திய கதை நம் வீடுகளில் புதிது இல்லை.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ரோபோ ஒரு மூலையில் திரும்பி ஒரு வளையத்தை எடுக்க வேண்டும். சில வேளை எடுக்கும், சில வேளை சுவரில் முட்டும். நிரல் எழுதிய மாணவன் இரண்டு வாரம் வரிவரியாகத் தேடினான். தப்புக் கிடைக்கவில்லை. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, அதிகம் பேசாதவள், அணியின் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஓட்டத்தையும் நேரத்தோடு எழுதுவது அவளுக்குக் கொடுத்த வேலை. அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "ஐந்து மணிக்குச் சரியாகத் திரும்புது. ஆறு மணிக்குமேலதான் முட்டுது, அண்ணே."

விஷயம் அதுதான். இத்தனை விநாடி மோட்டாரைச் சுழற்று என்று அவன் எழுதியிருந்தான். நேரம் ஆக ஆகப் பேட்டரி இறங்கும். மோட்டாரின் வேகம் குறையும். அதே விநாடியில் ரோபோ குறைவாகத் திரும்பும். விநாடியை விட்டுவிட்டு, சக்கரம் எத்தனை பாகை சுழன்றது என்பதை உணரியால் அளந்து நிறுத்தும்படி எழுதியதும் கோளாறு தீர்ந்தது. நிரல் எழுதத் தெரிந்தவனுக்கு அந்தக் குறிப்பேடு இல்லாமல் காரணம் பிடிபடவில்லை. குறிப்பேடு வைத்திருந்தவளுக்கு அவன் இல்லாமல் தீர்வு எழுதத் தெரியாது. அன்றைக்குப் பிறகு அவள் மற்றவர்களோடு பேச ஆரம்பித்தாள். அவனும் குறிப்பேடு எழுத ஆரம்பித்தான்.

அந்தத் தகப்பனாருக்கு எங்கள் பதிலின் முதல் பாதி இதுதான்: உங்கள் மகன் எல்லாவற்றையும் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது என்றால், அந்த அணி அவனை ஏமாற்றிவிட்டது. அணி விருதை நோக்கி உழைத்திருந்தால் அந்த ஏமாற்றத்துக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. எட்டுப் பேர் பெட்டி தூக்கும் அணியை அந்த அரை மணி நேர அறை காட்டிக்கொடுத்துவிடும்.

நம் வீட்டுப் பெரியவர்களும் இதில் இருக்கிறார்கள்

ஆய்வுத் திட்டம் என்று சொன்னோமே, நம் குடும்பங்களுக்கு அதில் தனி வாய்ப்பு இருக்கிறது. சரக்குப் போக்குவரத்து கருப்பொருளாக வந்த ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் வந்தது. அதற்குமுன் மூட்டை எப்படி இறங்கியது, சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் படகுகள் எப்படி நெருங்கி நின்றன, 1983இல் அவை ஆற்றைவிட்டுப் போனபோது அங்கே வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் இரண்டு பத்தியாக இருக்கும். ஆனால் நம் சங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நன்னாமார்களுக்கு அது கண்ணால் பார்த்த வாழ்க்கை. முதுகில் மூட்டை சுமந்தவர், கிடங்கில் கணக்கு எழுதியவர், கப்பலுக்குச் சாமான் கொடுத்தவர் இங்கே உண்டு. ஒரு பேத்தி குறிப்பேட்டோடு உட்கார்ந்து, "நன்னா, ஒரு மூட்டை எத்தனை கை மாறும்?" என்று கேட்டால் அந்த ஆய்வுக்கு ஈடு இல்லை.

அவர்களோடு பேசத் தமிழ் வேண்டும். நடுவரிடம் சொல்ல ஆங்கிலம் வேண்டும். வீட்டில் தமிழ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல காரணத்தை நாங்கள் இதுவரை காணவில்லை.

நமக்குப் புதிது இல்லை

சில பெரியவர்கள், "இது எல்லாம் வெள்ளைக்காரன் பொம்மை விளையாட்டு" என்று சொல்வதுண்டு. அவர்களுக்கு மரியாதையோடு ஒன்றை நினைவூட்டுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மூஸாவின் மக்கள், பனூ மூஸா என்று அவர்களை வரலாறு அழைக்கிறது. ஒருவருக்கு வானியலில் நாட்டம், ஒருவருக்கு இயந்திரங்களில், ஒருவருக்கு வடிவகணிதத்தில். தானாக இயங்கும் கருவிகள் ஏறத்தாழ நூற்றைப் பற்றி அவர்கள் பெயரில் ஒரு நூல் இருக்கிறது. எந்தக் கருவி யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் நூலின் மேல் இருப்பது மூவருக்கும் பொதுவான பெயர். அவர்களைவிடப் பெரிய அணி விருது யார் வாங்கினார்கள்?

அவர்களுக்குப் பிறகு வந்தவர் அல்ஜஸரி. 1206இல் ஐம்பது கருவிகளைப் பற்றிய நூலை முடித்தார். யானைக் கடிகாரம் அதில் புகழ்பெற்றது. அவருடைய சிறப்பு கருவியைச் செய்ததோடு நிற்கவில்லை. இன்னொரு கைவினைஞர் படித்துத் திரும்பச் செய்யும் அளவுக்குப் பகுதி பகுதியாக, படத்தோடு எழுதிவைத்தார். நம் காலத்திலும் பலர் அந்த நூலைப் பார்த்து அவருடைய கருவிகளைச் செய்து ஓட்டியிருக்கிறார்கள். குறிப்பேடு எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் அல்ஜஸரியைத்தான் காட்டுகிறோம்.

அதைவிட நெருக்கமான பாடம் ஒன்று தினமும் ஐந்து வேளை நம் கண்முன் இருக்கிறது. ஜமாஅத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். முன்னால் நிற்பவர் இமாம். அவர் மறதியாக ரக்அத்தில் தவறினால், பின்னால் நிற்பவர் "சுப்ஹானல்லாஹ்" என்கிறார். இமாம் திருத்திக்கொள்கிறார். சொன்னவர் வயதில் சிறியவரா, கடைக்காரரா, மாணவரா என்று யாரும் பார்ப்பதில்லை. சொல்லும் முறையில் அவமரியாதை இல்லை, கேட்பதில் கௌரவக் குறைவும் இல்லை. தொழுகையும் நிற்காமல் தொடர்கிறது. தலைவனைத் திருத்தவும், தலைவனாக இருந்து திருந்தவும் ஓர் அணிக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறு என்ன இருக்கிறது?

எதிர்க்கேள்விகள்

எல்லாம் சரி, நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு இது உதவுமா என்று கேட்கிறீர்கள். ரோபோ, அறிவியல் தொழில்நுட்பத் துறைகளில் திறமையுள்ள பிள்ளைகளை அந்த வழியில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் இருக்கின்றன. நேர்காணலில் சான்றிதழைக் காட்டுவது ஒரு நொடி வேலை. "நீ என்ன செய்தாய்?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் பிள்ளை பேச வேண்டும். தன் பங்கை, மற்றவர் பங்கை, தோற்ற இடத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே பயம் இல்லை. அரை மணி நேர அறையில் அதைத்தான் பழகியிருக்கிறது. ஆனால் சேர்க்கைக்காக மட்டும் வருகிறவர்களை நாங்கள் ஊக்குவிக்கவில்லை. இடம் கிடைத்ததும் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிடுவார்கள்.

அணி விருது நடுவர்களின் எண்ணத்தைப் பொறுத்தது, மேசைப் புள்ளிதானே நேர்மையான எண் என்கிறார்கள். ஓரளவு உண்மை. மதிப்பெண் அட்டவணை இருந்தாலும் நடுவர்களும் மனிதர்களே. நன்றாக உழைத்த அணி வெறுங்கையோடு திரும்புவதும் நடக்கும். அதனால்தான் நாங்கள் விருது வாங்குவதைப் பற்றிப் பேசவில்லை, விருதுக்காக உழைப்பதைப் பற்றிப் பேசுகிறோம். புள்ளிக்கு மட்டும் உழைத்துத் தோற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அணி விருதுக்கு உழைத்துத் தோற்றால் பேசத் தெரிந்த பத்துப் பிள்ளைகளும் எழுதி முடித்த ஒரு குறிப்பேடும் மிஞ்சும்.

இன்னொரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்பது அது. அணி படம் எடுக்கும்போது அவர்களை முன்னால் நிறுத்துகிறோம், அலங்காரத் தாள் ஒட்டும் வேலையைக் கொடுக்கிறோம், திருகாணி முடுக்கும் இடத்தில் அவர்களைக் காணோம். நம் வகுப்பில் இனி அது நடக்காது. கட்டுவது, நிரல் எழுதுவது, எழுதிவைப்பது, பேசுவது எல்லாம் எல்லாருக்கும் சுற்றுமுறையில் வரும்.

கடைசியாகச் செலவு. ரோபோப் பெட்டிகள் விலை கூடியவை. வீட்டுக்கு ஒன்று வாங்குவது நம்மில் பலருக்கு முடியாத காரியம், தேவையும் இல்லை. சங்கம் வாங்கியவற்றைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். போட்டிக் கட்டணத்தையும் சங்கமே ஏற்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. வாப்பாவின் சம்பளம் அணியில் யார் இருப்பது என்பதை முடிவு செய்யக்கூடாது.

எங்கள் தீர்மானம்

இந்த மன்றத்தின் முன் நாங்கள் வைக்கும் முன்மொழிவு இதுதான். அணியில் பத்துப் பேர். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்கப்போவதில்லை. இதுவரை தவறாமல் வந்தவர்களுக்கு முதலிடம். ஐந்து பேர் பெண்பிள்ளைகள். பருவத்தின் நடுவில், பலவீனமானவர் என்று யாரையும் நிறுத்தப்போவதில்லை. கெட்டிக்காரர்கள் நான்கு பேரை மட்டும் அனுப்பினால் மேசையில் அதிகப் புள்ளி கிடைக்கலாம் என்று எங்களிடம் சொன்னார்கள். கிடைக்கலாம். அந்தப் புள்ளியை விட்டுக்கொடுக்க நாங்கள் தயார். நீங்களும் தயாரா என்று கேட்கத்தான் இந்த உரை.

பெற்றோர்களுக்குச் சில வேண்டுகோள். பிள்ளையின் ரோபோவில் கை வைக்காதீர்கள். பொறியாளராக இருக்கும் தந்தைக்கு இது கஷ்டம் என்று தெரியும். போட்டியின் விதியும் அதுதான்: வேலை பிள்ளைகளுடையது, பெரியவர்கள் வழிகாட்டலாம். வீட்டுக்கு வந்ததும் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்குமுன், "இன்றைக்கு யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்? யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். போட்டி நாளில் நம் பிள்ளைகளுக்குக் கைதட்டுவதுபோல் பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கும் தட்டுங்கள். நடுவர்கள் பிள்ளைகளைத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்றுதான். திறமை உள்ள பிள்ளை அதை மறைக்க வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். அல்லாஹ் கொடுத்தது அமானிதம். அமானிதத்தைப் பூட்டிவைக்கக்கூடாது. உன் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுத்த பிறகும் அது உன்னிடம் குறையாமல் இருப்பதைப் பார்ப்பாய்.

பெரியோர்களே, இந்த மலருக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தோம். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் ஒவ்வோர் ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் மையித்து வீட்டுக்கு முதலில் ஓடியவர் யார், நோன்புக் கஞ்சிக்கு விடியற்காலையில் அரிசி களைந்தவர் யார், ஊரிலிருந்து புதிதாக வந்தவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் யார், மேசை நாற்காலியை மடித்துவைத்துவிட்டுக் கடைசியாக விளக்கை அணைத்தவர் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் இந்த ஐம்பது ஆண்டு. அவர்கள் தலையில் இருந்தவற்றில் எழுதிவைக்கப்படாதவை அவர்களோடு போய்விட்டன. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவை மட்டும் இன்றைக்கும் நடக்கின்றன. அடுத்த ஐம்பது ஆண்டை நடத்தப்போகிறவர்கள் இப்போது மாடியில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கவும், கேட்டுக்கொள்ளவும், எழுதிவைக்கவும், தோற்றால் சேர்ந்து தோற்கவும் அவர்கள் இப்போதே பழக வேண்டும்.

கோப்பையில் யார் பெயர் என்று கேட்ட அந்தத் தகப்பனாருக்கு எங்கள் பதிலின் மறுபாதி இது: சங்கத்தின் பெயர்தான் இருக்கும். உங்கள் மகன் கற்றது அவனிடம் இருக்கும். அவன் சொல்லிக்கொடுத்தது மற்ற ஒன்பது பேரிடமும் இருக்கும். அவர் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்து போகும்போது, சனிக்கிழமைகளில் வந்து உதவத் தொண்டூழியர் தேவையா என்று கேட்டார். தேவை என்றோம். இப்போதும் தேவை. கதவருகே ஒரு தாள் வைத்திருக்கிறோம், பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் வல்ல இறைவன் தருவானாக. நமக்கு முன்னால் உழைத்துச் சென்றவர்களின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.